கரியமில வாயுவைச் சிறைசெய்தல்

திருச்சிராப்பள்ளியினின்று புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் கீரனூர் அமைந்துள்ளது. அவ்வட்டாரத்துப் பழைய வீடுகள் பல சிமெண்டு கண்டவை அல்ல. சுண்ணாம்புக் காரையால் எழுப்பப்பட்டவை. அச்சுவர்களிற் பூசிய காரை வியப்பிற்குரிய ஒரு செயலைச் செய்கின்றது. காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு, மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகின்றது.

இதன் காரணத்தை அறியச் சுண்ணாம்புக் காளவாயை நோக்குதல் வேண்டும். 100 கிலோ தூய சுண்ணாம்புக் கல்லைக் காளவாயிலிட்டு முற்றச் சுட்டால், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பே கிடைக்கும். மற்றை 44 கிலோ எங்கே போயிற்று? கரியமில வாயுவாகிப் புகையோடு வெளியேறிற்று. அது விறகு எரிந்த புகையன்று. கல்லினுள்ளேயே அடங்கிக் கிடந்த வாயுவாகும். காளவாய் ஓரிரு நாளில் வெளிவிட்ட வாயுவிற்கு ஈடாகச் சுவர் பல ஆண்டுகளிற் சிறிது சிறிதாக வாயுவை ஏற்கின்றது. அரியலூர் வட்டாரத்துச் சிமெண்டு ஆலைகளும் சுண்ணாம்புக் கல்லைச் சுடுவனவே. நிலக்கரியை எரிக்கும் மின் நிலையங்கள் வெளிவிடும் வாயுவோ இன்னும் மிகுதி. வெளிவிடும் வேகத்திற்கும் திரும்பப் பெறும் வேகத்திற்கும் உள்ள இந்த ஏற்றத்தாழ்வே இன்றைய இடருக்கு மூலமாயிற்று.

1958-ஆம் ஆண்டில் சார்லசு கீலிங் என்னும் அமெரிக்க அறிஞர் அவாய்த் தீவின் மலையொன்றில் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024-ஆம் ஆண்டில் அது 420 பங்கைக் கடந்துவிட்டது. போர்வையின்மேற் போர்வை இட்டாற்போல், இவ்வாயு பெருகப் பெருகப் பூமியின் வெப்பம் வெளியேற இயலாமல் தங்குகின்றது.

காற்றிற் கலந்துவிட்ட பின் இதனைப் பிரித்தெடுத்தல் அரிது. பத்தாயிரம் பங்கு காற்றில் நான்கு பங்கே அது உள்ளது. ஆனால், நிலக்கரி எரியும் கொதிகலனின் புகையிலோ பத்தாயிரத்தில் ஆயிரம் பங்கிற்கு மேலும் உண்டு. ஆதலின், புகைபோக்கியிலேயே அதனைப் பிடிப்பது அறிவுடைமை எனக் கண்டனர்.

இத்தகைய முயற்சி ஒன்று தமிழ்நாட்டிலேயே நடைபெற்றது. தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் அண்டு பெர்ட்டிலைசர்ஸ் என்னும் ஆலையில், 2016-ஆம் ஆண்டில் கொதிகலன் புகையினின்று கரியமில வாயுவைப் பிடிக்கும் அமைப்பு இயங்கத் தொடங்கிற்று. ஆண்டிற்கு ஏறத்தாழ 60,000 டன் பிடிக்கத்தக்கதாக அது அமைக்கப்பட்டது. அதற்குரிய முறையை வகுத்தது கார்பன் கிளீன் என்னும் நிறுவனம். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் என்னும் இளைஞர் இருவர் 2009-இல் அதனைத் தொடங்கினர். அரசின் மானியமின்றி இவ்வமைப்பு எழுந்தமையே உலகின் கண்களை அதன்பால் ஈர்த்தது.

அது இயங்கும் முறை எளிதில் விளங்கத் தக்கது. உயர்ந்த கோபுரம் ஒன்றின் அடியிலிருந்து புகை மேலேறும். மேலிருந்து ஒருவகைக் கரைசல் மழைபோல் இறங்கும். அமீன் முதலிய பொருள்களாலான இக்கரைசல்கள் கரியமில வாயுவை மட்டும் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. நைட்ரசன் முதலியன மேலே போய்விடும். வாயுவைப் பற்றிய கரைசலை மற்றொரு கோபுரத்திற் சூடேற்றினால், அது தான் பற்றியதை விட்டுவிடும். தூய வாயு ஒருபுறம் செல்ல, கரைசல் மீண்டும் முதற் கோபுரத்திற்குத் திரும்பும். இச்சூடேற்றலே செலவு மிக்க பகுதி. பெரிய மின் நிலையமாயின், அது ஆக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கோ அதனினும் மிகுதியோ இதற்கே செலவாகிவிடக்கூடும். குறைந்த வெப்பத்தில் வாயுவை விடும் கரைசலைக் காண்பதில் அறிஞர் போட்டியிடுவது இதனாலேயாம்.

தூத்துக்குடியில் அவ்வாறு பிடித்த வாயு உப்புநீரோடும் அமோனியாவோடும் சேர்க்கப்பட்டது. அதனால் சோடாச் சாம்பலும், உரமாகப் பயன்படும் அமோனியம் குளோரைடும் கிடைத்தன. உலகைக் காக்கும் நோக்கத்தால் தாம் இதில் இறங்கவில்லை என்றும், தொழிலுக்குத் தடையின்றி வாயு வேண்டியிருந்தது என்றும் ஆலையின் தலைவர் வெளிப்படையாகவே கூறினார். அவ்வெளிப்படை பாராட்டத் தக்கது.

ஆயினும், பிடித்தல் வேறு. நிலையாக அடைத்து வைத்தல் வேறு. சோடாச் சாம்பலை மணலோடு உருக்கிக் கண்ணாடி செய்வர். அவ்வுலையில் அது தன்னுள் இருந்த வாயுவை மீண்டும் காற்றில் விட்டுவிடுகின்றது. ஆப்பச் சோடாவும் மாவைப் பொங்கச் செய்வது அவ்வாயுவை வெளியிட்டே. எனவே, பயன்படுத்தல் என்பது பெரும்பாலும் சில காலம் தாமதப்படுத்தலே ஆகும். மேலும், அளவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உலகம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றால் ஆண்டிற்கு ஏறத்தாழ 3,700 கோடி டன் கரியமில வாயுவை விடுகின்றது. அவ்வாலை ஓராண்டில் பிடிக்கக்கூடிய 60,000 டன்னை உலகம் ஒரு நிமிடத்திற்குள் விட்டுவிடும். இவ்வளவு வாயுவிற்கு ஈடாகச் சோடாவை வாங்குவோர் எங்கும் இலர். ஆகவேதான் பூமிக்குள் செலுத்தி அடைக்கும் எண்ணம் பிறந்தது.

கீரனூர்ப் பாறையில் அடைத்தல் கூடுமா? அருகிலுள்ள நார்த்தாமலையின் சுனைகளே இதற்கு விடை கூறும். பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீர் நெடுநாள் வற்றாமல் நிற்கின்றது. கருங்கல்லினுள் நீர் புகுதற்குரிய நுண்துளைகள் இல்லாமையே அதற்குக் காரணம். நீரை உள்ளே விடாத பாறை வாயுவையும் ஏற்காது. வாயுவை ஏற்க மணற்பாறை போன்ற துளைகள் நிறைந்த பாறை வேண்டும். அதன்மேல் வாயுவை மேலே விடாத களிப்பாறை மூடிபோல் அமைதல் வேண்டும். அவையும் 800 மீட்டருக்குக் கீழே இருத்தல் நலம். அவ்வாழத்து அழுத்தத்தில் வாயு ஏறக்குறைய நீர்மம்போற் சுருங்கிவிடும்.

நார்வே நாட்டினர் வடகடலில் சிலைப்னர் என்னுமிடத்தில் இத்தகைய பாறையைக் கண்டு, 1996 முதல் ஆண்டிற்கு ஏறத்தாழ பத்து லட்சம் டன் வரை செலுத்தினர். ஒலியலைகளை அனுப்பி, வாயு எத்திசையிற் பரவுகின்றது என்பதையும் அவ்வப்போது வரைந்து வந்தனர். ஐசுலாந்தில் 2012-இல் வேறொரு வழியை ஆராய்ந்தனர். வாயுவை நீரிற் கரைத்து எரிமலைப் பாறையினுள் செலுத்த, இரண்டாண்டிற்குள் அதன் பெரும்பகுதி கல்லாயிற்று. காரைச் சுவரில் நிகழ்வதை ஒத்ததே இதுவும். ஆனால், ஒரு டன் வாயுவிற்கு 25 டன் நீர் வேண்டியிருந்தது. கண்மாயை நம்பி வாழும் வட்டாரத்தார் இக்கணக்கைக் கேட்டால் திகைப்பர்.

புதுக்கோட்டைக்குக் கிழக்கே காவிரிப் படுகையிலும், அதனை அடுத்த கடலடியிலும் படிவுப் பாறைகள் ஆழமாக உள்ளன. எண்ணெயும் எரிவாயுவும் அங்கே பன்னெடுங்காலம் தங்கியிருந்தமை, அவற்றின்மேல் நல்ல மூடி உண்டு என்பதைக் காட்டும். ஆயினும் அவசரம் ஆகாது. 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் காமரூன் நாட்டு நியோசு ஏரியின் அடியில் இயற்கையாகத் தேங்கியிருந்த கரியமில வாயு திடீரெனப் பொங்கிற்று. காற்றினும் கனமான அது பள்ளத்தாக்குகளில் இறங்கி, ஏறத்தாழ 1,700 மக்களை மூச்சடைக்கச் செய்து கொன்றது. ஏரியின் நிலை வேறு, ஆழ்பாறையின் நிலை வேறு என்பது உண்மையே. எனினும், வாயுவை அடைப்போர் இந்நிகழ்ச்சியை மறத்தல் இயலாது.

காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழ்நாட்டு அரசு 2020-இல் சட்டம் இயற்றிற்று. புதுக்கோட்டை மாவட்டத்து ஒன்றியங்கள் சிலவும் அதனுள் அடங்கும். எண்ணெய்க்கும் எரிவாயுவிற்கும் அங்கே புதிதாகத் துளையிடுதல் தடுக்கப்பட்டது. நிலத்தடி நீர் கெடும் என்று அஞ்சிய உழவர்க்கு, வாயுவை உள்ளே செலுத்தும் துளையும் துளையாகவே தோன்றும். அவர் அச்சத்தை ஆய்வினாலன்றிச் சொற்களால் போக்குதல் இயலாது. முன்னர்த் தோண்டிய எண்ணெய்க் கிணறு ஒன்றேனும் செவ்வையாக அடைபடாமல் இருந்தால், வாயு அவ்வழியே மேலேறிவிடும். ஆதலின், அங்ஙனம் ஒரு திட்டம் எழுமாயின், பழைய கிணறுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சோதிப்பதே அதன் முதற்பணியாகும்.