இணையத்தில் சிறார் மனநலச் செய்தி: தேர்ந்தறியும் முறை

10 முதல் 19 வயது வரையுள்ளோரில் எழுவருள் ஒருவருக்கு மனநலக் குறைபாடு உண்டென்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, பள்ளி செல்ல மறுத்தல், தோழரை விட்டு ஒதுங்குதல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிப்பின், பிடிவாதமென்று பெற்றோர் தள்ளிவிடலாகாது.

இந்நிலையில் பலரும் முதலில் நாடுவது இணையத்தையே. அங்கே மணியும் பதரும் கலந்தே கிடக்கின்றன. நூல் சிப்பத்தின் நம்பரையும் விதை மூட்டையின் சான்று அட்டையையும் பார்த்தே வாங்கும் நம் அங்கத்தினர், இதிலும் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்.

1. எழுதியவர் யார்? பெங்களூரு நிம்ஹான்ஸ், உலக சுகாதார நிறுவனம், யுனிசெப் போன்றவற்றின் பக்கங்களை முதலில் நாடுக.

2. எப்போது எழுதப்பட்டது? தேதியற்ற செய்தியை வேறோரிடத்தில் ஒத்துப் பார்க்க.

3. எதை விற்கின்றனர்? சில நாட்களில் குணமென்று கூறி மருந்து விற்கும் பக்கத்தை விலக்குக.

படித்தது, மருத்துவரிடம் தெளிவாக வினவ உதவும்; நோயை நிர்ணயிப்பது அவர் பணி. 2022 அக்டோபர் 10இல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். சாக விரும்புவதாகக் கூறும் பிள்ளையைத் தனியே விடாது, அப்பொழுதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

சங்க அறிவிப்புப் பலகையில் நூல் விலைப் பட்டியலின் அருகே இவ்வெண்ணையும் எழுதி வைப்பது நிர்வாகிகளின் கடமையாகும்.