நான்கு ஏஸ்களும் ஒரு சங்கிலியும்

சீட்டுக்கட்டைக் கொண்டு செய்யும் வித்தைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓரிரண்டைச் செய்தும் காட்டியிருப்பீர்கள். நான் பத்தாம் வகுப்பில் படித்தபோது பள்ளி இலக்கிய மன்ற விழாவில் அப்படி நான்கு வித்தைகள் செய்து காட்டினேன். நான்கும் ஏஸ்களை வைத்துச் செய்பவை; நான்கும் தவறாமல் பலித்தன. ஆனால் இரண்டாவது வித்தை முடிவதற்குள் கடைசி வரிசையில் பேச்சு தொடங்கிவிட்டது. நான்காவது முடிந்தபோது கைதட்டியவர் தலைமையாசிரியர் ஒருவர்தாம்!

காரணம் வீட்டுக்கு வந்து யோசித்தபோது விளங்கிற்று. ஒவ்வொரு வித்தை முடிந்ததும் திரும்பி நின்று, கட்டு முழுவதையும் புரட்டி, ஏஸ்களைத் தேடி எடுத்து, அடுத்த வித்தைக்கு வேண்டிய இடத்தில் செருகிக்கொண்டிருந்தேன். வித்தைக்கு இரண்டு நிமிடம். அடுக்குவதற்கு மூன்று நிமிடம். நான் தேர்ந்தெடுத்தவை நல்ல வித்தைகளே. ஆயினும் அவை ஒன்றோடொன்று சேராதவை.

வித்தைகளை எப்படித் தேர்ந்தெடுத்தால் ஆற்றொழுக்காகச் செல்லும்? இது கணக்குப் பாடத்தோடு சம்பந்தப்பட்ட கேள்வி. கைத்திறமை எதுவும் தேவைப்படாத மூன்று வித்தைகளைக் கொண்டு இதற்கு விடை காண்போம். ஒரு சீட்டுக்கட்டை எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தொடக்க நிலை, முடிவு நிலை

ரசாயன வினை ஒன்றை எழுதும்போது இடப்பக்கம் வினைபடு பொருள்களையும் வலப்பக்கம் விளைபொருள்களையும் எழுதுகிறோம் அல்லவா? வித்தைக்கும் அவ்வாறே இரண்டு பக்கங்கள் உண்டு. தொடங்கும்போது சீட்டுகள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது ஒன்று; முடியும்போது எந்த நிலையில் இருக்கின்றன என்பது மற்றொன்று. முதல் வித்தையின் முடிவு நிலையே இரண்டாவது வித்தையின் தொடக்க நிலையாக அமைந்தால், நடுவில் அடுக்கும் வேலையே இல்லை. சங்கிலியின் ஒரு வளையம் அடுத்த வளையத்தில் மாட்டிக்கொள்வது போல் வித்தைகள் தொடரும்.

முதல் வளையம்: நான்கு குவியல்கள்

ஸ்டீவ் பெல்ச்சோ என்ற அமெரிக்கரின் பெயரால் வழங்கும் வித்தை இது.

தொடக்க நிலை: நான்கு ஏஸ்களும் கட்டின் மேலே கவிழ்ந்திருக்க வேண்டும். இதை யாரும் பார்ப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஒரு நண்பரை அழைத்துக் கட்டை ஏறத்தாழ நான்கு சம குவியல்களாக வெட்டி வைக்கச் சொல்லுங்கள். கட்டின் மேற்பகுதி எந்தக் குவியலில் இருக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அதுதான் கடைசிக் குவியல். மற்ற மூன்றில் ஏதாவது ஒன்றை அவர் எடுக்கட்டும். மேலிருந்து மூன்று சீட்டுகளை ஒவ்வொன்றாக அடிக்கு மாற்றட்டும். பிறகு மேலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து மற்ற மூன்று குவியல்களின்மேல் ஒவ்வொன்று போடட்டும். இரண்டாவது, மூன்றாவது குவியல்களுக்கும் இதையே செய்ய வேண்டும். இறுதியாகக் கடைசிக் குவியலுக்கும் இதையே செய்தபின் நான்கு குவியல்களின் மேற்சீட்டையும் புரட்டச் சொல்லுங்கள். நான்கும் ஏஸ்கள்!

ஏன் இப்படி? கடைசிக் குவியலைக் கையில் எடுப்பதற்கு முன் அதன்மேல் எத்தனை சீட்டுகள் புதிதாக விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மற்ற ஒவ்வொரு குவியலும் ஒன்று கொடுத்தது, ஆக மூன்று. ஏஸ்களை மூடியிருந்த அந்த மூன்றும் இப்போது அடிக்குப் போய்விடுகின்றன. நான்கு ஏஸ்களும் மேலே வந்துவிடுகின்றன. மூன்று ஏஸ்கள் மற்றக் குவியல்களின்மேல் விழ, நான்காவது தன் குவியலிலேயே தங்குகிறது. குவியலில் 10 சீட்டு இருந்தாலும் 16 இருந்தாலும் இந்த ‘மூன்று’ மாறாது. நண்பர் வெட்டுவது அவர் விருப்பம்; ஆனால் அந்த விருப்பம் விடையைத் தொடுவதே இல்லை.

ஓர் எச்சரிக்கை. சிலர் குறும்பாக இரண்டே சீட்டுகளைக் கிள்ளி ஒரு குவியல் என்று வைப்பார்கள். ஏஸ்கள் பிரிந்துவிடும், வித்தை கெட்டுவிடும். அதனால்தான் ‘ஏறத்தாழச் சமமாக’ என்று சொல்ல வேண்டும்.

முடிவு நிலை: நான்கு குவியல்கள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஏஸ், எல்லாரும் பார்க்கும்படி.

இரண்டாவது வளையம்: பத்துக்கு மேல் ஓர் எண்

10 முதல் 19 வரை ஓர் எண்ணை ஒருவர் சொல்கிறார். 14 என்று வைத்துக்கொள்வோம். 14 சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். 14-இன் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 1 + 4 = 5. மேசையில் உள்ள குவியலின் மேலிருந்து 5 சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டின்மேல் திரும்ப வையுங்கள். இப்போது மேசைக் குவியலின் மேலே இருக்கும் சீட்டு ஓர் ஏஸ்! அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மேசையில் எஞ்சிய சீட்டுகளை அப்படியே கட்டின்மேல் வையுங்கள். வேறொருவர் வேறோர் எண்ணைச் சொல்லட்டும். மறுபடியும் ஓர் ஏஸ் வரும். இவ்வாறு நான்கு முறை.

இதன் காரணம் எளிய இயற்கணிதம். சொன்ன எண் 10 + அ எனில் இலக்கங்களின் கூடுதல் 1 + அ. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 9. ‘அ’ மறைந்தே போகிறது. எனவே எந்த எண்ணைச் சொன்னாலும் வருவது கட்டின் ஒன்பதாவது சீட்டுதான். அதை எடுத்துவிட்டு எஞ்சிய எட்டையும் மேலே வைத்தால், முன்பு பத்தாவதாக இருந்த சீட்டு ஒன்பதாவது ஆகிவிடும். ஆகவே ஏஸ்கள் 9, 10, 11, 12-ஆம் இடங்களில் இருந்தால் நான்கும் வரிசையாக வெளிவரும்.

தொடக்க நிலை: ஏஸ்களின்மேல் சரியாக 8 சீட்டுகள்.

இங்கேதான் சங்கிலியில் ஓர் இடைவெளி. முதல் வித்தையின் முடிவில் ஏஸ்கள் வெளியே கிடக்கின்றன. இரண்டாவதற்கு அவை எட்டுச் சீட்டுகளுக்கு அடியில் இருக்க வேண்டும். எல்லார் கண்முன்னும் எட்டு என்று எண்ணி வைத்தால் சந்தேகம் வரும். என்ன செய்வது?

முதல் வித்தை நமக்கு நான்கு குவியல்களைத் தந்திருக்கிறது. நான்கு இரண்டு எட்டு! ஏஸ்களை எடுத்துத் தனியே வையுங்கள். “ஏஸ்களைப் புதைக்கப் போகிறோம். ஒவ்வொரு குவியலும் இரண்டிரண்டு சீட்டு தரட்டும்” என்று சொல்லி, நான்கு பேரைக் கொண்டு ஒவ்வொரு குவியலின் மேலிருந்தும் இரண்டு சீட்டுகளை எடுத்து நடுவில் போடச் செய்யுங்கள். பிறகு நான்கு குவியல்களையும் ஒன்றாக்கி, அவற்றின்மேல் ஏஸ்களைக் கவிழ்த்து வைத்து, நடுவிலுள்ள சீட்டுகளை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். பார்ப்பவர்களுக்கு நான்கு பேர் இரண்டிரண்டு சீட்டு போட்டது தெரியும். எட்டு என்ற எண் யார் மனத்திலும் தோன்றாது. நீங்கள் எதையும் ஒளித்துச் செய்யவில்லை; திரும்பி நிற்கவும் இல்லை.

முடிவு நிலை: நான்கு ஏஸ்கள் வெளியே. மேசையில் எட்டுச் சீட்டுகள்.

மூன்றாவது வளையம்: கலைக்கக் கலைக்க ஒழுங்கு

1940-களில் பாப் ஹம்மர் என்ற அமெரிக்க வித்தைக்காரர் பயன்படுத்திய தத்துவம் இது. தொடக்க நிலை: நான்கு ஏஸ்கள், நான்கு வேறு சீட்டுகள். இரண்டாவது வித்தை இவற்றை மேசையிலேயே விட்டுச் சென்றிருக்கிறது! மீதிக் கட்டை ஒதுக்கிவிடலாம்.

எட்டுச் சீட்டுகளையும் கவிழ்த்து, ஏஸ், வேறு சீட்டு, ஏஸ், வேறு சீட்டு என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். இப்போது நண்பர் இரண்டு காரியங்களை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். ஒன்று, சீட்டுகளை எங்கு வேண்டுமானாலும் வெட்டி, மேல்பாதியை அடியில் வைத்தல். மற்றது, மேலுள்ள இரண்டு சீட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துப் புரட்டி அங்கேயே வைத்தல். பத்து முறை செய்தால் சில சீட்டுகள் நிமிர்ந்தும் சில கவிழ்ந்தும் ஒரே குழப்பமாக இருக்கும்.

அவரிடமிருந்து வாங்கி, எந்தச் சீட்டையும் திருப்பாமல், இடம் வலம் என மாற்றி மாற்றி இரண்டு குவியல்களாகப் போடுங்கள். ஒரு குவியலை அப்படியே புரட்டி மற்றதன்மேல் வையுங்கள். விரித்துக் காட்டுங்கள். நான்கு ஏஸ்களும் ஒரே பக்கம் பார்க்கின்றன. மற்ற நான்கும் எதிர்ப் பக்கம்!

ஏஸ்கள் கவிழ்ந்தும் இருக்கலாம். அப்போது, “நிமிர்ந்த நான்கிலும் ஏஸ் இல்லை. அப்படியானால் கவிழ்ந்தவை?” என்று கேட்டு அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள்.

காரணத்தைப் பார்ப்போம். இடங்களை மேலிருந்து 1, 2, 3 என எண்ணுவோம். தொடக்கத்தில் ஏஸ்கள் எல்லாம் ஒற்றைப்படை இடங்களில் இருக்கின்றன. மேலுள்ள இரண்டையும் சேர்த்துப் புரட்டும்போது முதல் சீட்டு இரண்டாம் இடத்துக்கும் இரண்டாவது முதல் இடத்துக்கும் போகின்றன. இரண்டின் முகமும் மாறுகிறது. ஆக, ஒரு சீட்டின் முகம் மாறும்போதெல்லாம் அதன் இடம் ஒற்றையிலிருந்து இரட்டைக்கோ இரட்டையிலிருந்து ஒற்றைக்கோ மாறியே தீரும். வெட்டும்போது என்ன ஆகிறது? மொத்தம் எட்டு, இரட்டைப்படை. ஆகவே எல்லாச் சீட்டுகளும் சேர்ந்து ஒற்றை இரட்டை மாறும், அல்லது ஒன்றுமே மாறாது.

இதனால் எந்தக் கணத்திலும் ஓர் ஒழுங்கு நிலைத்திருக்கிறது. ஒற்றைப்படை இடத்து ஏஸ்கள் எல்லாம் ஒரு பக்கம் பார்க்கும். இரட்டைப்படை இடத்து ஏஸ்கள் எதிர்ப் பக்கம் பார்க்கும். மற்றச் சீட்டுகள் இதற்கு நேர்மாறு. இரண்டு குவியல்களாகப் போடும்போது ஒற்றையும் இரட்டையும் பிரிகின்றன. ஒன்றைப் புரட்டியதும் ஏஸ்கள் ஒன்றுபடுகின்றன. எத்தனை கலைத்தாலும் கலையாத இப்பண்பைக் கணித அறிஞர்கள் மாறாப் பண்பு என்பார்கள்.

நல்ல வித்தையையும் விலக்க வேண்டும்

1958-இல் நார்மன் கில்பிரெத் என்பவர் ஓர் அருமையான தத்துவத்தை வெளியிட்டார். கட்டைச் சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என அடுக்குங்கள். பாதியளவை ஒவ்வொன்றாக மேசைமேல் போட்டுவிட்டு, இரு பாதிகளையும் ஒன்றுக்குள் ஒன்று விழும்படி ஒரு முறை கலையுங்கள். மேலிருந்து இரண்டிரண்டாக எடுத்தால் ஒவ்வொரு இணையிலும் ஒரு சிவப்பும் ஒரு கறுப்பும் வரும்! இதையும் நம் சங்கிலியில் சேர்க்கலாமா? கூடாது. இதற்கு 52 சீட்டுகளும் முன்கூட்டியே வரிசையாக இருக்க வேண்டும். நம் முதல் வித்தையோ சீட்டுகளைக் குவியலுக்குக் குவியல் மாற்றி அந்த வரிசையைக் குலைத்துவிடும். தனியே செய்தால் வைரம். இந்தச் சங்கிலியில் சேராத வளையம்.

ஆகத் தேர்வுக்கு மூன்று விதிகள். முதலாவது, ஒன்றன் முடிவு மற்றொன்றின் தொடக்கமாக வேண்டும். இரண்டாவது, காரணங்கள் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒன்றின் ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் அடுத்ததில் திகைக்க வேண்டும். மூன்றாவது, பார்வையாளரின் சுதந்திரம் ஏறிக்கொண்டே போக வேண்டும். நம் சங்கிலியில் முதலில் வெட்டுகிறார். பிறகு எண்ணைச் சொல்கிறார். இறுதியில் தம் விருப்பம்போல் புரட்டிக் கலைக்கிறார். வரிசையைத் தலைகீழாக்கினால் வியப்பும் இறங்குமுகமாகிவிடும்.

52 சீட்டுகளை அடுக்கக்கூடிய முறைகளின் எண்ணிக்கை 68 இலக்கங்கள் கொண்ட எண். அவ்வளவு பெரிய குழப்பத்துக்கு நடுவே மாறாத ஒன்றைக் கண்டுபிடிப்பதே இவ்வித்தைகளின் உயிர். இத்தகைய வித்தைகளைத் தொகுத்து மார்ட்டின் கார்ட்னர் 1956-இல் ஒரு நூல் வெளியிட்டார். பெர்சி டயகோனிஸ் என்பவர் 14 வயதில் வீட்டை விட்டு வித்தைக்காரர் ஒருவருடன் ஊர் ஊராகச் சென்றவர். பின்னாளில் கணிதப் பேராசிரியரானார். கட்டை நன்றாகக் கலைக்க ஏறக்குறைய 7 முறை பாதியாகப் பிரித்துக் கோத்துக் கலைக்க வேண்டும் என்று டேவ் பேயருடன் சேர்ந்து 1992-இல் காட்டியவர் அவரே.

நீங்களே செய்து பாருங்கள்

1. இரண்டாவது வித்தையில் 20 முதல் 29 வரை எண் கேட்டால் ஏஸ்களை எந்த இடங்களில் வைக்க வேண்டும்?

2. முதல் வித்தையை ஐந்து குவியல்கள், ஐந்து சீட்டுகள் கொண்டு செய்ய வேண்டுமானால் அடிக்கு எத்தனை சீட்டு மாற்ற வேண்டும்? மேலே எத்தனை போட வேண்டும்?

3. மூன்றாவது வித்தையை ஏழு சீட்டுகளைக் கொண்டு செய்தால் ஏன் தவறுகிறது? வெட்டும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

விடைகளைச் சீட்டுகளைக் கொண்டே சரிபாருங்கள். பிறகு மூன்று வித்தைகளையும் நிறுத்தாமல் பத்து முறை தனியே செய்து பழகுங்கள். அதன்பின் நண்பர்கள் முன் நில்லுங்கள். கடைசி வரிசையில் பேச்சு எழுகிறதா என்று பாருங்கள்.