ஒரு சட்டி, நாலு ஸ்லைஸ் வஞ்சிரம்: ஞாயிறு ராத்திரி லேப்



உங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை மீன் வாங்குவாங்கன்னா இந்தக் காட்சி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அம்மா அடுப்பு முன்னாடி நிப்பாங்க. தோசைக்கல்லுல ரெண்டு ரெண்டு துண்டா மீன் வறுபடும். வெந்த துண்டு சூடா நம்ம தட்டுக்கு வந்துட்டே இருக்கும். நாம சாப்பிட்டு, கை கழுவி, போனை எடுத்துட்டு உக்காந்த பிறகுதான் அவங்க தட்டோட வருவாங்க. பல வீட்டுல அவங்களுக்கு மிஞ்சுறது வால் துண்டு. அதுவும் ஆறிப்போயிருக்கும்.

புராசஸ் பாஷையில சொன்னா, அம்மா நடத்துறது ஒரு கன்டினியஸ் புராசஸ். சரக்கு வர வர வெளிய போயிட்டே இருக்கும், ஆபரேட்டர் மட்டும் இடத்தை விட்டு நகர முடியாது. அதை பேட்ச் புராசஸா மாத்தினா என்ன? எல்லாமே ஒரே சட்டியில, ஒரே நேரத்துல ரெடி. அடுப்பை அணைச்சுட்டு நாலு பேரும் ஒண்ணா உக்காரணும். இந்த வாரப் பாடம் அதுதான். இந்த வாட்டி ஆபரேட்டர் நீங்க.

ஸ்டேக்னா என்ன?

யூடியூப்ல பார்த்திருப்பீங்க: கனமான இரும்புச் சட்டி, புகை வர்ற சூடு, ஒரு தடி மாட்டிறைச்சித் துண்டு, பக்கத்துலயே உருளைக்கிழங்கு. ஸ்டேக்குங்கிறது அடிப்படையில தசை நாருக்குக் குறுக்கே தடிமனா வெட்டின துண்டு. நம்ம ஊர்க் கடையில கிடைக்கிற மாட்டுக்கறி பெரும்பாலும் குழம்புக்கு வெட்டுறது. குக்கர்ல விசில் விட்டாதான் அது மெத்துன்னு ஆகும். சட்டியில ஆறு நிமிஷத்துல வேகாது.

ஆனா நம்ம கடற்கரையில ஒரு ஸ்டேக் ரொம்ப நாளா இருக்கு. நடு முள்ளோட வட்டமா வெட்டின வஞ்சிரம் ஸ்லைஸ்தான் அது. தூத்துக்குடிப் பக்கம் இதை சீலான்னு சொல்லுவாங்க, இலங்கையில அறக்குளா. மீனோட தசை நார் குட்டையானது, அதை ஒட்டிப் பிடிச்சிருக்கிற இணைப்புத் திசுவும் மெல்லிசு. ஆட்டுக்கறி, மாட்டுக்கறியை விட ரொம்பக் குறைஞ்ச சூட்டுலயே அந்தத் திசு இளகிடும். அதனால மீன் சில நிமிஷத்துல வெந்துடும்.

வாங்குறது: இங்க தப்பினா மிச்சம் எதுவும் காப்பாத்தாது

சிறுசேரியிலிருந்து ஓ.எம்.ஆர்.ல தெற்கே வந்து, கேளம்பாக்கத்துல இடது பக்கம் திரும்புங்க. உப்பளமும் கழிமுகமும் தாண்டி ஈ.சி.ஆரைத் தொட்டா கோவளம். காலையிலேயே போனா படகுல வந்த மீனை நேரா வாங்கலாம். கண் தெளிவா பளபளன்னு இருக்கணும், செவுள் சிவப்பா இருக்கணும், விரலால அமுக்கினா குழி விழாம எழும்பணும்.

முக்கியமான விஷயம் ஐஸ். வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி மூணும் ஒரே குடும்பம். இந்த மீன்களோட சதையில ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலம் அதிகம். மீன் சூட்டுல கிடந்தா பாக்டீரியா அதை ஹிஸ்டமினா மாத்திடும். அந்த மீனைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி, வாந்தின்னு வரலாம். இதுல மோசமான சேதி என்னன்னா, ஹிஸ்டமின் உருவாகிட்டா எவ்வளவு வறுத்தாலும் கொதிக்க வச்சாலும் அது அழியாது. நாத்தம் வந்தா தெரிஞ்சுடும்னும் நம்ப முடியாது. வெயில்ல பிளாஸ்டிக் பையில தொங்கவிட்டு பைக்ல கொண்டு வராதீங்க. பழைய தெர்மோகோல் பெட்டி ஒண்ணு, அதுல ஐஸ், நடுவுல மீன். வீட்டுக்கு வந்ததும் நேரா ஃப்ரிட்ஜ், 4 டிகிரிக்குக் கீழ.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம்ம கிழக்குக் கடற்கரையில விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வஞ்சிரம் விலை எகிறும். அப்போ வளர்ப்புக் கொடுவா வாங்கலாம். அதுலயும் நல்ல ஸ்லைஸ் வரும். இதுல நம்ம ஏரியாவுக்கு ஒரு பெருமை இருக்கு. கோவளத்துக்குப் பக்கத்துல முட்டுக்காட்டுல மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தோட (சீபா) சோதனை நிலையம் இருக்கு. கொடுவாவைப் பண்ணைச் சூழல்ல வச்சு முட்டையிட வைக்கிற முறையை இந்தியாவுலயே முதல்ல, 1997ல, செஞ்சு காட்டினது இந்த நிறுவனம்தான்.

சமைக்கிறதுக்கு முன்னாடி மூணு விதி

விதி 1: தடிமன் 2 செ.மீ. வெப்பம் திடப்பொருளுக்குள்ள போக எடுக்கிற நேரம், ஏறக்குறைய தடிமனோட வர்க்கத்தைப் பொறுத்தது. ஹீட் டிரான்ஸ்ஃபர்ல ஃபூரியர் எண் படிச்சிருப்பீங்களே, அதேதான். 2 செ.மீ. துண்டுக்கு 6 நிமிஷம்னா, 1 செ.மீ. துண்டு ஒன்றரை நிமிஷத்துல உள்ள வெந்துடும். மேல சிவக்கிறதுக்குள்ள உள்ள சக்கையாயிடும். 3 செ.மீ. துண்டுக்கு 13 நிமிஷத்துக்கு மேல ஆகும். உள்ள வேகுறதுக்குள்ள மசாலா கருகிடும். அதனால மீன் வெட்டுறவங்க கிட்ட, “அண்ணா, ரொம்ப மெல்லிசா வேணாம், விரல் தடிமன் போடுங்க”ன்னு முதல்லயே சொல்லிடுங்க.

விதி 2: மேல ஈரம் கூடாது. 30 டிகிரியில இருக்கிற 1 கிராம் தண்ணியை 100 டிகிரிக்குக் கொண்டு போக சுமார் 290 ஜூல் போதும். அதே 1 கிராமை ஆவியாக்க சுமார் 2,260 ஜூல் வேணும். நாலு துண்டு மேலயும் சேர்த்து 20 கிராம் தண்ணி ஒட்டியிருந்தா, அதை விரட்டவே 45 கிலோஜூல் செலவு. சட்டிக்குள்ள நொடிக்கு 1 கிலோஜூல் போகுதுன்னு வச்சுக்கிட்டா முக்கால் நிமிஷம் வீண். அதுவரைக்கும் மீனோட மேல்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஆனா அந்தப் பொன்னிறமும் வாசனையும் வர்ற வினை சுமார் 140 டிகிரிக்கு மேலதான் வேகம் எடுக்கும். லூயி-கமீல் மெய்லார்ட்னு ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் 1912ல விவரிச்சதால அதுக்கு மெய்லார்ட் வினைன்னு பேரு. ஈரமா போட்ட மீன் வறுபடாது, அவியும்.

விதி 3: ஒரு தடவைக்கு ரெண்டு துண்டுதான். நாலு குளிர்ந்த துண்டை ஒண்ணா போட்டா சட்டியோட சூடு சட்டுன்னு இறங்கிடும், ஆவியும் வெளிய போக இடம் இருக்காது. “அப்போ முதல் ரெண்டு துண்டு ஆறிடுமே?”ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. பதில் கடைசிப் படியில இருக்கு.

தேவையானவை (4 பேருக்கு)

- வஞ்சிரம் அல்லது கொடுவா ஸ்லைஸ்: 4 (மொத்தம் சுமார் 600 கிராம்)
- உருளைக்கிழங்கு: 250 கிராம், அரை செ.மீ. வட்டமா வெட்டினது
- சின்ன வெங்காயம்: 15, ரெண்டா நறுக்கினது
- தக்காளி: 1, பொடியா நறுக்கினது
- அன்னிக்கு வடிச்சு, ஆற வச்சு, ஃப்ரிட்ஜ்ல எடுத்து வச்ச சோறு: 4 கப்
- மிளகாய்த் தூள் ஒன்றரை டீஸ்பூன், மிளகுத் தூள் 1 டீஸ்பூன், மஞ்சள் தூள் அரை டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது 1 டீஸ்பூன், உப்பு தேவைக்கு
- எலுமிச்சை 1, கறிவேப்பிலை 2 கொத்து
- கடலெண்ணெய்: 4 டேபிள்ஸ்பூன்

சட்டி: அடி தட்டையான, 30 செ.மீ. அகலமும் 6 செ.மீ. ஆழமும் உள்ள இரும்பு வாணலி. எண்ணெய் நல்லா பழகினதா இருக்கணும், புதுசு வேணாம். மூடி ஒண்ணு.

செய்முறை

1. மீனைக் கழுவி, சுத்தமான துணியாலயோ டிஷ்யூவாலயோ நல்லா ஒத்தி எடுங்க. தூள்கள், விழுது, உப்பு, கொஞ்சம் எண்ணெய், அரை எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்துக் கெட்டியா குழைச்சு, மெல்லிசா தடவுங்க. தண்ணி சேர்க்காதீங்க. ஃப்ரிட்ஜ்ல மூடாம 15 நிமிஷம்.

2. மீன் ஊறுற நேரத்துல வாணலியைச் சூடு பண்ணி, 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, உருளைக்கிழங்கைப் பரப்பி உப்பு போடுங்க. மிதமான தீ, மூடி போட்டு 6 நிமிஷம். அப்புறம் மூடியை எடுத்துட்டுத் திருப்பிவிட்டு 4 நிமிஷம். ஓரம் சிவந்ததும் ஒரு தட்டுல எடுத்து வைங்க. கிழங்கு ஏன் முதல்ல? அது மெத்துன்னு ஆக மீனை விட அதிக சூடும் நேரமும் வேணும்.

3. மிச்ச எண்ணெயை விட்டு, ஒரு கறிவேப்பிலை இலையைப் போடுங்க. படபடன்னு வெடிச்சா சூடு சரி. ரெண்டு ஸ்லைஸ் வைங்க. 3 நிமிஷம் தொடாதீங்க. ஆரம்பத்துல மீனோட புரதம் இரும்பைப் பிடிச்சுக்கும். மேலோடு உருவானதும் தானா விட்டுடும். கரண்டியை அடியில விட்டா எளிதா நழுவணும். அடம் பிடிச்சா இன்னும் அரை நிமிஷம் குடுங்க. திருப்பி 3 நிமிஷம். முள்ளுக்குப் பக்கத்துல கண்ணாடி மாதிரி இருந்த சதை வெள்ளையா மாறி, லேசா குத்தினா இதழ் இதழா பிரியணும். தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல 63 டிகிரி.

4. வெந்த மீனைக் கிழங்குத் தட்டுல வைங்க. பச்சை மீன் இருந்த தட்டுல திரும்ப வைக்கவே கூடாது. அடுத்த ரெண்டையும் இதே மாதிரி வறுங்க.

5. இப்போ சட்டி அடியில பழுப்பா ஒட்டியிருக்கும் பாருங்க, அதைக் கழுவிக் கொட்டிடாதீங்க. மொத்த ருசியும் அங்கதான். அதுலயே வெங்காயமும் மிச்சக் கறிவேப்பிலையும் போட்டு 3 நிமிஷம் வதக்குங்க. தக்காளி, கால் கப் தண்ணி. மரக் கரண்டியால அடியைச் சுரண்டுங்க. 2 நிமிஷத்துக்கு மேல கொதிக்க விடாதீங்க. தக்காளிப் புளிப்பு ரொம்ப நேரம் கொதிச்சா இரும்போட எண்ணெய்ப் பூச்சு போயிடும்.

6. சோத்தை உதிர்த்துப் போட்டு, கொஞ்சம் உப்பு சேர்த்து, மசாலா எல்லா இடத்துலயும் பிடிக்கிற மாதிரி பிரட்டுங்க. ஆவி பறக்கிற வரைக்கும், 3 - 4 நிமிஷம். மேல கிழங்கு, அதுக்கு மேல மீன். மூடியைக் கொஞ்சம் திறந்த மாதிரி வச்சு, தீயைச் சின்னதாக்கி 2 நிமிஷம். முழுசா மூடினா ஆவி அடைச்சு மொறுமொறுப்பு போயிடும். அடுப்பை அணைங்க. மிச்ச எலுமிச்சையைப் பிழிங்க.

இதுதான் விதி 3க்கான பதில். சோத்துல மூணுல ரெண்டு பங்கு தண்ணிதான், அதனால அது நிறைய வெப்பத்தைப் பிடிச்சு வச்சுக்கும். 2.5 கிலோ இரும்புச் சட்டி ஒரு டிகிரி சூடாக சுமார் 1.15 கிலோஜூல் வேணும். 700 கிராம் சோத்துக்கு ஏறக்குறைய அதுல ரெண்டு மடங்கு. ரெண்டும் சேர்ந்து ஒரு நல்ல வெப்பச் சேமிப்பு. முதல்ல வறுத்த துண்டும் கடைசியா வறுத்த துண்டும் அது மேல ஒரே சூட்டுக்கு வந்துடும். பேட்ச் ரெடி.

எங்க சொதப்பும்?

- மீன் உடைஞ்சா: சீக்கிரம் திருப்பிட்டீங்க, இல்ல சட்டி சூடாகலை.
- மசாலா கருகினா: தீ அதிகம். புகை வர்ற அளவு சூடு வெறும் உப்பு, மிளகு போட்ட ஸ்டேக்குக்கு ஓகே. மிளகாய்த் தூள் தாங்காது.
- மீன் சக்கையா இருந்தா: நேரம் அதிகமாச்சு. அடுப்பை அணைச்ச பிறகும் உள்ள கொஞ்சம் வேகும், அதையும் கணக்குல சேருங்க.

பரிமாறுறது

இதுவும் பாடத்துல ஒரு பகுதிதான், விட்டுடாதீங்க. தரையில ஒரு மணை, அது மேல மடிச்ச துணி, அது மேல சட்டி. கைப்பிடி சுடும்னு எல்லாருக்கும் சொல்லிடுங்க. தண்ணி, தட்டு, அப்பளம், ஊறுகாய் எல்லாத்தையும் முன்னாடியே எடுத்து வைங்க. “இரு, அதை எடுத்துட்டு வரேன்”னு அம்மா எழுந்துக்க ஒரு காரணம் கூட மிச்சம் இருக்கக் கூடாது.

வறுத்த சட்டியில சோத்தைப் போட்டுப் பிரட்டி, அடியில ஒட்டினதுக்கு நாம சின்ன வயசுல சண்டை போட்டிருக்கோம். அந்தச் சட்டிச் சோறுதான் இன்னைக்கு மொத்த டின்னரும்.

நடுத் துண்டு முதல்ல அம்மாவுக்கு. “எனக்கு வால் துண்டு போதும்டா”ன்னு சொல்லுவாங்க. கேக்காதீங்க.

அப்புறம், சட்டி கழுவுறதும் ஆபரேட்டர் வேலைதான். சுடு தண்ணி, தேங்காய் நார், அடுப்புல வச்சுக் காய்ச்சி ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை வேணும் இல்ல?