உதிர்வதைப் பாருங்கள்

செயற்கை இடுப்பு மூட்டு வடிவமைக்கப் புதிதாக வந்திருக்கும் இளம் பொறியாளருக்கு,

பந்துக்கும் கிண்ணத்துக்கும் பொருள் தேடும்போது முதலில் கண்ணில் படுவது உராய்வுக் குணகம். அந்த ஓர் எண்ணை நம்பிப் பொருளை முடிவு செய்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1950களின் இறுதியில் டெஃப்ளானைத் தேர்ந்தெடுத்ததில் குறை காண முடியாது; திடப்பொருள்களில் அவ்வளவு வழுக்கலானது அரிது. சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். முதலில் வலியில்லாமல் நடந்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் உலோகப் பந்து கிண்ணத்தைக் குடைந்துகொண்டு மேலேறியது. உதிர்ந்த துகளைச் சுற்றி உடல் பாலாடைக்கட்டி போன்ற திசுவைக் கட்டியது, எலும்பு அரிக்கப்பட்டது. 1962இல் உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன் துண்டு ஒன்று அவர் பட்டறைக்கு வந்தது. கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்த சார்ன்லி, இது வீண்வேலை என்று போய்விட்டார். உதவியாளர் ஹாரி கிரேவன் விடாமல் அதைத் தேய்மான எந்திரத்தில் ஏற்றினார். டெஃப்ளான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்குக்கூட அது மூன்று வாரத்தில் தேயவில்லை. உராய்வில் டெஃப்ளானுக்குப் பின்தங்கியதுதான் நிலைத்தது.

உராய்வு கூடினால் முறுக்கம் கூடி கிண்ணம் தளருமே என்பீர்கள். உண்மை. அதற்கு விடை வடிவத்தில் இருந்தது: பந்தின் விட்டத்தை 22.225 மில்லிமீட்டராகச் சுருக்கியதும் முறுக்கம் குறைந்தது. மசகுப் படலம் முழுமையாக இருந்தால் தேய்மானமே இராதே என்பது இதைவிட வலுவான வாதம். பெரிய பந்தும் குறுகிய இடைவெளியும் படலத்தைத் தடிப்பாக்கும், வழவழப்பான பரப்பில் அது முறியாமல் நிற்கும். பெரிய பந்து கொண்ட உலோக-உலோக மூட்டுகளுக்கு ஆதரவாக நின்றது அந்தக் கணக்குதான். ஆனால் அந்தப் படலத்தை உண்டாக்குவது அசைவு. நெடுநேரம் நின்றவர் எடுத்து வைக்கும் முதல் அடியில் அது மெலிந்திருக்கும். கிண்ணம் சற்றுச் செங்குத்தாக அமைந்தால் சுமை விளிம்பில் விழுந்து படலம் கிழியும். தேய்ந்த கனஅளவு பழைய பாலிஎத்திலீனைவிடக் குறைவாக இருந்த மூட்டுகளிலும், உதிர்ந்தவை நானோமீட்டர் அளவுக் கோபால்ட், குரோமியத் துகள்கள். அயனிகள் இரத்தத்தில் ஏறின, சுற்றியிருந்த திசு அழிந்தது. 2010இல் அந்த வகையைச் சேர்ந்த ஏஎஸ்ஆர் மூட்டுகள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன.

ஆகவே உங்கள் சோதனை எந்திரத்தில் என்ன ஊற்றுகிறீர்கள் என்பதிலிருந்தே கவனம் வேண்டும். வெறும் தண்ணீரில் ஓட்டினால் பாலிஎத்திலீன் பந்தின்மேல் மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்ளும். உடலுக்குள் நடப்பது அதுவல்ல, கணக்கு பிசகும். மாட்டின் சீரத்தை நீர்க்கச் செய்து ஊற்றுவது அதிலுள்ள புரதத்துக்காக. ஓட்டம் முடிந்ததும் அந்தக் கலங்கிய திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். வடிகட்டி, துகள்களை மின்னணு நுண்ணோக்கியில் அளந்து பாருங்கள். ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவற்றைத் தனியே எண்ணுங்கள். மேக்ரோஃபேஜ் செல்கள் எலும்பரிப்பைத் தூண்டுவது பெரும்பாலும் அவற்றை விழுங்குவதால்தான்.