புரிந்ததா, பார்த்து எழுதியதா?

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. அந்தமான் மாயாபந்தரிலிருந்து நீ அனுப்பிய விடைத்தாள் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தன. சாயங்காலம் உன் வீட்டுத் திண்ணைக்கு வரும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உரைப்பத்திக் கேள்விகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது வாங்கியிருக்கிறார்கள். அதே பத்தியைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொன்னால் மட்டும் வாய் திறப்பதில்லை என்கிறாய். திருப்புதலுக்கு இன்னும் பத்துக் கேள்வித்தாள் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம்.

ஏன் என்று புரிய ஒரு வரி போதும்: "மொழவன் தறுக்கில் குனத்தினான்." இதில் ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது, சும்மா உருட்டியது. மொழவன் எங்கே குனத்தினான் என்று கேட்டுப் பார். "தறுக்கில்" என்று எல்லாரும் எழுதுவார்கள், முழு மதிப்பெண்ணும் வாங்குவார்கள். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு, பக்கத்துச் சொல்லைப் பெயர்த்து எழுது. உன் பிள்ளைகள் தேர்ந்திருப்பது இந்த வித்தையில்தான்.

இது இன்றைய வியாதி அல்ல. டொலோரஸ் டர்க்கின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களின் கடைசியில் நான்காம் வகுப்பு வாசிப்புப் பாடங்களில் உட்கார்ந்து, கையில் கடிகாரத்தோடு குறிப்பெடுத்தார். மொத்தம் 4,469 நிமிடங்கள். அதில், எப்படிப் புரிந்துகொள்வது என்று ஆசிரியர் உண்மையிலேயே சொல்லித் தந்த நேரம் 20 நிமிடம். மீதி நேரத்தில் பெரும்பகுதி கேள்வி கேட்பதிலும், விடை சரியா தவறா என்று பார்ப்பதிலும், பயிற்சித்தாள் கொடுப்பதிலும் போயிற்று. சோதிப்பதைச் சொல்லித் தருவது என்று நினைத்துக்கொள்வது வாத்தியார்களுக்குப் பழைய பழக்கம். முப்பது வருஷம் உன் பெரியப்பாவும் அதைத்தான் செய்தார்.

முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு, அரைப் பக்கம் வாய்விட்டு வாசிக்கச் சொல். 2022-இன் அசர் (ASER) கல்வி ஆய்வின்படி இந்தியக் கிராமங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பத்தில் மூன்று பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்க முடியவில்லை. எழுத்தில் தடுக்குகிறவனும் பொருளில் தடுக்குகிறவனும் ஒரே மதிப்பெண் வாங்கலாம். இருவருக்கும் மருந்து வேறு.

பொருளில் தடுக்குவது ஒன்றும் வெட்கப்படவேண்டிய விஷயம் இல்லை. உ.வே.சாமிநாதையருக்கே அது நேர்ந்தது. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பிறகு அவர் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். தமிழுக்கு என்ன குறை? ஆனாலும் இடம் இடமாகப் பொருள் பிடிபடவில்லை. நூல் சமண நூல், அவருக்கோ சமணம் தெரியாது. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் பதிப்பு வந்தது. சொல் தெரிந்தவனுக்கும் உலகம் தெரியவேண்டியிருக்கிறது.

நூறு வருஷம் கழித்து, 1988-இல், ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 பள்ளிப் பிள்ளைகளிடம் இதையே சோதித்தார்கள். அவர்களும் உன் திண்ணைக்கு வரும் வயதுதான், ஏழாம் எட்டாம் வகுப்பு. ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வருணனையை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகம் நினைவில் வைத்துத் திருப்பிச் சொன்னார்கள்.

இதை உன் ஊருக்குப் பொருத்திப் பார். கீழே உள்ள நான்கு வரியைப் பலகையில் எழுது:

"தாத்தா டார்ச்சை அணைத்தார். 'பேசாதே' என்று பேரன் கையை அழுத்தினார். இருட்டில், மணலில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்."

தாத்தா ஏன் டார்ச்சை அணைத்தார்? விடை பத்தியில் இல்லை. பெயர்த்து எழுத வழியில்லை. தஞ்சாவூர்ப் பிள்ளை திருடன் வந்திருக்கிறான் என்பான். கர்மாடாங் கடற்கரையைப் பக்கத்தில் வைத்திருக்கும் உன் பிள்ளைகள் ஆமை முட்டையிட வந்திருக்கிறது, வெளிச்சம் பட்டால் திரும்பிவிடும் என்பார்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று அடுத்துக் கேள். மணல், இருட்டு, இழுபடும் சத்தம் என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். உய்த்துணர்தல் என்று பாடநூல் சொல்வது அதைத்தான்.

தலைகீழாகவும் நடக்கும். அந்தமானில் ரயில் கிடையாது. பாடத்தில் பிளாட்பாரம், சிக்னல், கடைசிப் பெட்டி என்று வந்தால், தமிழ்நாட்டுப் பிள்ளைக்குத் தானாகத் தெரிவது அங்கே தெரியாது. வாசிக்கும் முன் ஐந்து நிமிடம் படம் காட்டிப் பேசிவிடு. அந்த ஐந்து நிமிடம் வீண் இல்லை.

பிறகு கேள்வியைப் பிள்ளைகள் கையில் கொடு. எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய நன்னூல், மாணவன் கேட்டதை நினைத்துப் பார்க்கவேண்டும், உடன் படிப்பவர்களோடு பழகவேண்டும், வினவவேண்டும், பிறர் வினாவுக்கு விடை சொல்லவும் வேண்டும் என்கிறது. 1984-இல் பாலின்சர், பிரவுன் இருவரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்ததும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஒரு பிள்ளை வாத்தியார் ஆகும். சுருக்கிச் சொல்லும், ஒரு கேள்வி கேட்கும், புரியாத இடத்தைத் தெளிவுபடுத்தும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கும். அடுத்த பத்திக்கு அடுத்த பிள்ளை. முதல் வாரம் நீயே செய்துகாட்ட வேண்டியிருக்கும்.

செய்யுளுக்கு வந்தால் "இது என்ன அணி?" என்று ஆரம்பிக்காதே. "டுங்கி கரையில் கிடந்தது", "டுங்கி கரையில் படுத்திருந்தது" என்று இரண்டு வரி எழுது (டுங்கி என்றால் உங்கள் ஊர்ச் சிறு படகு). இரண்டாவதில் களைப்பு தெரிகிறது, யாருடைய களைப்பு? அந்தப் பேச்சு நடந்த பிறகு அணியின் பெயரைச் சொன்னால் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரில் வங்காளம் பேசுவோர் சுமார் 28 சதவீதம், தமிழர் 15. தெருவில் எல்லாருக்கும் பொது இந்தி. ஒரு பிள்ளை விடையை இந்தியில் சொன்னால் அதட்டாதே. புரிந்ததா என்று முதலில் பார்; தமிழில் சொல்ல வைப்பது அடுத்த வேலை.

இந்த ஞாயிற்றுக்கிழமை கேள்வித்தாளை அலமாரியில் வை. டார்ச் பத்தியை மட்டும் பலகையில் எழுதிவிட்டு ஓரமாக உட்கார். பிள்ளைகள் என்னென்ன கேட்டார்கள் என்பதை ஒன்று விடாமல் பெரியப்பாவுக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா