கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள பாப்பா,

நேற்று உன் அப்பா போனில் விஷயத்தைச் சொன்னான். சேனல்காரர்கள் மூன்று வருட ஒப்பந்தம் கேட்கிறார்களாம். கூடவே ஒரு படத்தில் கதாநாயகியின் தோழி வேடமாம். நீ வேலையை விடப்போகிறாய் என்று சொல்லும்போது அவன் குரலே சரியில்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை.

உன்னைத் தடுக்க நான் எழுதவில்லை. 'கலக்கப் போவது யாரு'வில் மிமிக்ரி செய்த சிவகார்த்திகேயன் 2012இல் 'மெரினா'வில் நாயகனானார். 'லொள்ளு சபா' சந்தானம் 2004இல் 'மன்மதன்' படத்துக்குப் போனார். நல்ல வழிதான். ஆனால் அதே வழியில் போய் அந்த உயரத்தைத் தொட்ட ஒரு பெண்ணின் பெயரைச் சொல். அறந்தாங்கி நிஷாவின் வாய்க்குச் சினிமா கொடுத்த வேடங்கள் போதுமா? டிவியில் பெண்ணுக்கு என்ன வைத்திருக்கிறார்கள்? நச்சரிக்கும் மனைவி, இல்லையென்றால் குண்டு என்று கேலி வாங்கும் தோழி. அதையும் பாதி நாள் சேலை கட்டிய ஆணே செய்துவிடுகிறான்.

மேடையில் நீ தனியாக மைக் பிடித்து நின்றதைப் பார்த்தேனே! ஹாஸ்டல் வார்டன் கதை நீ எழுதியது. அதில் ஒரு வரியை மாற்ற இன்னொருவருக்கு உரிமை கிடையாது. சேனலுக்குப் போனால் வேறு யாரோ எழுதுவார்கள், நீ பேச வேண்டும். அல்லது நீ எழுதுவாய், பெயர் வேறு யாருக்கோ போகும்.

எங்கே வருகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். மாமாவின் பச்சை டைரிகளைப் புரட்டி வளர்ந்தவள் நீ. இரண்டு மாதம் ராத்திரி முழிச்சு அவர் எழுதிக்கொடுத்த காமெடி டிராக்குக்கு டைட்டிலில் அவர் பெயர் இல்லை. கேட்டதற்கு, அடுத்த படத்தில் போடுகிறோம் என்றார்கள். அந்த அடுத்த படம் வரவேயில்லை. அந்தக் காட்சி டிவியில் வந்தால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். நீயும் பார்த்திருக்கிறாய்.

'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காமெடியை 1989இலிருந்து தமிழ்நாடே சொல்லிச் சிரிக்கிறது. கவுண்டமணியையும் செந்திலையும் தெரியாதவர் இல்லை. அதை எழுதிய ஏ. வீரப்பனை எத்தனை பேருக்குத் தெரியும்? அதே வருடம் வந்த 'அபூர்வ சகோதரர்க'ளுக்கு வசனம் எழுதிய கிரேசி மோகனை எல்லாருக்கும் தெரியும். அவருக்கு 1979இலிருந்தே 'கிரேசி கிரியேஷன்ஸ்' என்று சொந்த நாடகக் குழு இருந்தது. சினிமா கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அவர் நாடகத்துக்கு டிக்கெட் விற்றது. மனோரமாவும் நாடகத்தில் பேசிப் பேசித் தேறியபிறகுதான் 1958இல் 'மாலையிட்ட மங்கை'க்கு வந்தார். 'சதி லீலாவதி'யில் கோவை சரளா கமல்ஹாசனுக்குச் சரியாக நின்றாரே, அதில் பாதி அவர் திறமை, மீதிப் பாதி மோகனின் எழுத்து. பெண்ணுக்குச் சொல்ல நல்ல வரி கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் படம் போதும்.

ஆகவே சேனல்காரர்களிடம் கேள். நீ எழுதியது யாருக்குச் சொந்தம்? 'எழுத்து' என்று உன் பெயர் திரையில் வருமா? அந்த மூன்று வருடமும் வெளியே மேடையேற விடுவார்களா? மழுப்பினால் எழுந்து வந்துவிடு. சேனல் போனால் இன்னொரு சேனல் வரும். வேலையை மட்டும் இப்போதைக்கு விடாதே.

முடிவு உன்னுடையதுதான். நீ படித்தவள், உனக்குத் தெரியாதது இல்லை. மாமா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மட்டும் யோசித்துப் பார்.

நிறைய பேசிவிட்டேன், கோபப்படாதே கண்ணு. நம் வீட்டில் உன்னைப்போல் யாரும் பிறக்கவில்லை. நீ நடித்தால், தோழி வேடமானாலும் சரி, முதல் நாள் முதல் ஷோவுக்குத் தெருவையே கூட்டிக்கொண்டு வருவேன். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். தட்டையும் பருப்புப்பொடியும் அனுப்பியிருக்கிறேன், வெளியே சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. அந்த ஒப்பந்தத்தை முதலில் ஒரு வக்கீலிடம் காட்டு. எனக்கும் ஒரு நகல் அனுப்பு, ஒரு வரி விடாமல் படிக்கிறேன்.

அன்புடன்,
அத்தை