கோடை முகாமுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காதா?

பள்ளி விடுமுறை விட்டதும் கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து பொள்ளாச்சி, கோபி வரை ஸ்கேட்டிங், சிலம்பம், நீச்சல் என்று கோடை முகாம் பேனர்கள் முளைத்துவிடுகின்றன. டி-ஷர்ட் தருவார்கள், சான்றிதழும் தருவார்கள். இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டால், "வெளையாட்டுக்கெல்லாம் எந்தக் கம்பெனியும் குடுக்க மாட்டாங்கங்க" என்பார்கள். இது அரைகுறையாகக் காதில் விழுந்த சேதி. மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டுக்கு விலக்கு உண்டு என்பது நிஜம். ஆனால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019-ல் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாக வகுத்த வாசகப்படி, பாறையேற்றம், ராஃப்டிங், ஸ்கூபா போன்றவற்றில் தொழில்முறையாக ஈடுபடுபவருக்குத்தான் அந்த விலக்கு. கம்பு சுற்றப் பழகும் பத்து வயதுப் பையன் அதில் எப்படி வருவான்? புதுப் பாலிசியின் முதல் 30 நாள் காத்திருப்பும் நோய்க்குத்தான், விபத்துக்கு இல்லை. இன்சூரன்ஸுக்காக மட்டுமே கூடிய கூட்டத்துக்குக் குழுக் காப்பீடு தரக்கூடாது என்பது விதி. முகாமுக்கு வரும் பிள்ளைகள் பயிற்சிக்காகக் கூடியவர்கள், ஆகவே அவர்கள் பெயரில் குழு விபத்துப் பாலிசி எழுத அந்த விதி தடையில்லை.

"எங்களிடம்தான் ஏற்கெனவே இருக்கிறதே" என்ற நிம்மதியையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பாங்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா 18 வயது நிறைந்தவர்களுக்கானது. பிள்ளைக்குப் பைசா வராது. வழக்கமான மெடிக்ளெய்ம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் தங்கினால்தான் பணம் தரும். கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டு அன்றே வீடு திரும்பினால், பல பாலிசிகளில் செலவு நம் தலையில். 2021 ஏப்ரலில் வந்த சரல் சுரக்ஷா பீமா என்ற விபத்துக் காப்பீட்டில், பெற்றோரின் பாலிசியிலேயே, அவர்களைச் சார்ந்திருக்கும் மூன்று மாதம் முதல் 25 வயது வரையிலான பிள்ளைகளைச் சேர்க்கலாம். ஆனால் விபத்தால் ஆஸ்பத்திரியில் சேரும் செலவுக்கான காப்பை அதில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதுவும் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதம் வரைதான். குறைந்தபட்சத் தொகையான இரண்டரை லட்சத்துக்கு எடுத்தால் 25,000 ரூபாய். தனியார் ஆஸ்பத்திரியில் பிளேட் வைக்கும் ஆபரேஷனுக்கு இது எந்த மூலைக்கு? எனவே தொகையைப் பார்த்து எடுக்க வேண்டும்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. இன்சூரன்ஸுக்குப் பதில் ஒரு படிவம் நீட்டுகிறார்கள்: எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல என்று பெற்றோர் கையெழுத்து. கவனக்குறைவுக்கான பொறுப்பை அந்தத் தாள் துடைத்துவிடும் என்று நம்பி முகாம் நடத்துவது அசட்டுத் துணிச்சல். 1995 மே மாதம் பள்ளிச் சுற்றுலா போன 14 மாணவர்கள் பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். 2001-ல் உச்ச நீதிமன்றம் பள்ளி நிர்வாகத்தைப் பொறுப்பாக்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் 5 லட்ச ரூபாய் இழப்பீட்டை உறுதி செய்தது. இப்படிப்பட்ட நாளுக்குத்தான் நடத்துபவருக்கென்று தனியாகப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறது. பிள்ளையின் விபத்துப் பாலிசி வேறு, இது வேறு. ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்றாகாது.

கட்டணம் ஏறும் என்பார்கள். ஏறட்டும், டி-ஷர்ட்டைக் குறைத்துக்கொள்ளலாம். பாலிசி கையில் இருந்தால் அலட்சியம் வரும் என்ற வாதம் கொஞ்சம் கனமானது. ஆனால் பொறுப்பை ஏற்கும் கம்பெனி, பயிற்சி கொடுப்பவர் யார், அவருக்கு என்ன தகுதி, எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பேர் என்று கேட்க இடமுண்டு. நாம் கேட்காமல் விடும் கேள்விகளும் இவையே. 2018 ஜூலையில் கோவை நரசீபுரம் அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் மீட்பு ஒத்திகையின்போது மாடியிலிருந்து தள்ளிவிடப்பட்ட 19 வயது மாணவி இறந்தார். பயிற்சி கொடுத்தவர் தங்களால் அங்கீகரிக்கப்பட்டவர் அல்ல என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பிறகு சொன்னது. போன உயிரை எந்தப் பாலிசியும் மீட்டுத் தராது. முன்கூட்டி யாராவது தகுதிச் சான்றைக் கேட்டிருக்கலாம்.

ஆகவே இந்தக் கோடையில் பணம் கட்டுவதற்கு முன் பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பிள்ளையின் பெயர், முகாம் நடக்கும் தேதிகள், என்ன விளையாட்டு என்ற விவரம் மூன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வேறு முகாம் தேடுங்கள்.